அறுபதுக்கு மேல் டோக்கன் கிடையாது

இதை வெளியே சொன்னால் கடைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று என் மனைவி பயப்படுகிறாள். பேய் பேசின ஒயரைத் தொட்ட கை, அந்தக் கையில் யார் ரேடியோவைக் கொடுப்பார்கள் என்கிறாள். வராவிட்டால் போகட்டும். நான் குடிக்கிறவன் இல்லை. கதை கட்டவும் எனக்கு வராது. நடந்தபோது அந்த இடத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். ராத்திரியும் இல்லை. நல்ல வெயில்.

என் பெயர் கசோண்டே. கிட்வே நகரத்துச் சந்தைக்குப் பின்னால் ரேடியோ, போன், இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். மூத்தவள் லுபுத்தோ பிறந்த நாளிலிருந்து ஊருக்கு நான் ‘பாஷி லுபுத்தோ’, அதாவது லுபுத்தோவின் அப்பா. சொந்தப் பெயர் எனக்கே மறந்துபோகும்.

போன வருஷம் மழை பொய்த்து அணை வற்றிக் கிடந்தது. கரண்ட் நடுராத்திரிக்கு மேல் வரும். விடிவதற்குள் போய்விடும். வந்த நேரத்தில் சால்டரிங், போன பிறகு கடை. ஒழுங்காகத் தூங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எனக்கு மட்டுமில்லை. மினி பஸ்ஸில் ஏறினால் டிரைவரைத் தவிர எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சில நாள் டிரைவர் மேலேயும் சந்தேகம் வரும்.

ஆகஸ்ட் மாதத்தில் லுவெலா காலனி கிளினிக்கிலிருந்து சிஸ்டர் ஃபெலிஸ்டஸ் போன் செய்தார். போனில் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை அப்படிக் கட்டியிருந்தது.

“பாஷி லுபுத்தோ... எங்க பெட்டிக்கு ஒரு வாய் வெச்சுக் குடுங்க.”

அந்தக் கிளினிக்குக்கு யாரோ புண்ணியவான்கள் ஒரு டிவி கொடுத்திருந்தார்கள். உள்ளே சிஸ்டர் மேசையில் பொத்தானை அழுத்தினால், வெளியே கொட்டகையில் இருக்கிற டிவியில் அடுத்த நம்பர் வரும். டிவியின் முதுகில் அதை நடத்துவது பிஸ்கட் அளவில் ஒரு பச்சைப் பலகை. அதுதான் முழுக் கணினியும். நம்பரைக் காட்டும். பேசாது.

“போன வாரம் ஒரு தாத்தா காலையிலேர்ந்து திரையவே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு” என்றார் சிஸ்டர். “கிளினிக்க மூடுற நேரத்துல வந்து, படம் எப்பப் போடுவீங்கன்னு கேக்கறாரு. அவர் கையில இருந்தது ஏழாம் நம்பர்.”

அதனால் திரை இருந்தும் ஒவ்வொரு நம்பருக்கும் சிஸ்டர் கதவருகே வந்து கத்துவார். ஒரே நர்ஸ். ஒரு நாளைக்கு அறுபது பேர். அறுபது தகரத் துண்டில் நம்பர் எழுதி வாசலில் கொடுப்பார்கள். அதற்கு மேல் டோக்கன் கிடையாது. மனுஷி ஒருத்தியால் அவ்வளவுதான் முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் என் கடைக்கு வந்து, தேன் விட்ட வெந்நீரைக் குடித்துக் குடித்து, ஒன்றிலிருந்து அறுபது வரை என் போனில் பேசிப் பதிவு செய்தார். “நம்பர் ஒண்ணு, உள்ள வாங்க. நம்பர் ரெண்டு, உள்ள வாங்க.” ஒவ்வொன்றையும் நான் தனித்தனியாக வெட்டி, இரண்டு தடவை கேட்டு, பலகையின் மெமரி அட்டையில் ஏற்றினேன். அறுபது துண்டுகள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுதான்.

விலையைக் குறைக்க அந்த மாதிரிப் பலகையில் ஹெட்போன் ஓட்டை வைப்பதில்லை. ஆனால் ஓரத்தில் வரிசையாக ஊசிகள் இருக்கும். அதில் இரண்டுக்குச் சொல்லிக்கொடுத்தால் கண்மூடித்தனமான வேகத்தில் துடிக்கும். அந்தத் துடிப்புக்குள்தான் குரல் இருக்கிறது. இடித்த சோளத்தில் தவிடும் மாவும் கலந்திருப்பது மாதிரி. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் வைத்துச் சலித்தால் தவிடு போய்க் குரல் மட்டும் வரும். இன்னொரு கெப்பாசிட்டர் வழியாக அதை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோனால் வேலை முடிந்தது. சலிக்கிற பாகத்தை முந்தின ராத்திரி கரண்ட் வந்தபோதே சால்டர் செய்து வைத்திருந்தேன்.

கிளினிக்கில் கூரைமேல் சோலார் இருந்தது. மதியம் கொட்டகைத் தூணில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டினேன். முதலில் கர்ர்ரென்று இரைந்தது. எர்த் ஒயரைச் சேர்த்துக் கட்டியதும் அடங்கியது.

“நம்பர் ஒண்ணு, உள்ள வாங்க.”

கொட்டகையே சிரித்தது. ஒரு பாட்டி கை தட்டினாள்.

“சிஸ்டர், இனிமே உங்களுக்கு வாய் சாப்பிட மட்டும்தான்” என்றார் வாட்ச்மேன் சிலேஷே.

“சாப்பிட நேரம் குடுக்கற மெஷின் ஒண்ணு செய்யச் சொல்லுங்க” என்று சிஸ்டர் காற்றாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காலையில் முப்பது பேரைப் பார்த்து முடித்திருந்தார். இரண்டு மணிக்கு முப்பத்தொன்றிலிருந்து மெஷின் கூப்பிட ஆரம்பித்தது. ஒரு பத்து நம்பர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மப்பாலோ என்ற இளம் பெண். மடியில் கைக்குழந்தை, காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையில் நாற்பத்தி நாலாம் நம்பர்.

வெயில் இதமாக இருந்தது. கண் சொருகியது.

முதலில் கவனித்தது ஒரு மூச்சு. முப்பத்தைந்துக்கு முன்னால், ஸ்பீக்கரில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். பதிவில் அது இல்லை. நான்தான் வெட்டி எடுத்திருந்தேனே. சரி, ஏதாவது மிச்சம் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டுக்கு முன்னால் ஓர் இருமல்.

நாற்பதில்... “நம்பர் நாப்பது, உள்ள வாங்க, மாயோ.”

மாயோ என்றால் எங்கள் பேச்சில் அம்மா. பதிவில் அந்த வார்த்தையே கிடையாது. அந்த டோக்கனோடு எழுந்து போனது ஒரு வயசான அம்மாள்தான். பதிவு செய்து வைத்த குரலுக்கு அது எப்படித் தெரியும்?

தூக்கக் கலக்கம் என்று கன்னத்தில் தட்டிக்கொண்டேன்.

நாற்பத்தி மூன்று உள்ளே போய் வெளியே வந்தார். மப்பாலோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழத் தயாரானாள். மணி 3.40. டிவியின் மூலையில் பார்த்தேன்.

“நம்பர் அறுபத்தி ஒண்ணு, உள்ள வாங்க.”

திரையில் 43 அப்படியே நின்றது.

அறுபது, ஒன்று என்ற இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன். இல்லை. அறுபத்தி ஒண்ணு. ஒரே மூச்சில். சிஸ்டரின் குரல். அவர் பேசவே பேசாத நம்பர்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. மூடியது.

பெஞ்சில் ஒருத்தர் எழுந்தால் மற்றவர்கள் ஓர் ஆள் அளவு நகர்ந்து உட்காருவது வழக்கம். எங்கள் வரிசை அப்படி. அரைத் தூக்கத்திலும் நகர்வோம். இப்போது பெஞ்சில் இருந்த எல்லோரும் ஓர் ஆள் அளவு நகர்ந்தார்கள்...

நானும் நகர்ந்தேன்.

நகர்ந்த பிறகுதான் உறைத்தது. யார் எழுந்தது?

“என்னய்யா உங்க மெஷின் குதிச்சுக் குதிச்சுப் போகுது?” என்றாள் மப்பாலோ. “என் நம்பர் எங்க? புள்ள கொதிக்குது.”

“நம்பர் அறுபத்தி ரெண்டு, உள்ள வாங்க.”

கதவு. பெஞ்சு. நகர்ந்தோம்.

இந்தத் தடவை இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நான் எழுந்து டிவிக்குப் பின்னால் போனேன். பலகையிலிருந்து என் இரண்டு ஒயரையும் பிடுங்கினேன்.

“நம்பர் அறுபத்தி மூணு...”

நீளமான ஒயர் வெட்டவெளியில் கிடந்தால் பக்கத்து ரேடியோவை இழுத்துப் பேசும். எனக்கு அது தெரியும். அதனால் ஆம்ப்ளிஃபயரையே அணைத்தேன். பேட்டரி ஒயரையும் கழற்றினேன்.

அமைதி.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

“நம்பர் அறுபத்தி நாலு... உள்ள வாங்க.”

ஸ்பீக்கரிலிருந்து இல்லை.

மூடியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து.

காலையிலிருந்து காற்று மட்டும் வந்த தொண்டை. இப்போது முழுக் குரல். மணி மாதிரி.

வாட்ச்மேன் சிலேஷே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “ஊரெல்லாம் காய்ச்சல் வந்த வருஷம்... அறுபதோட கேட்டைச் சாத்தினேன்” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. “வெளியில எத்தனை பேர் நின்னாங்க தெரியுமா? இன்னும் நிக்கறாங்கபோல...”

அப்போதுதான் மப்பாலோ கத்தினாள். குழந்தையின் கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிவிட்டது.

யாரும் அசையவில்லை. கதவைத் திறக்க யாருக்கும் துணிவில்லை. எனக்கும் இல்லை. ஆனால் அவள் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஒரு பெண் தனியாக அந்தக் கதவைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே சிஸ்டர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எதிரே நோயாளி உட்காரும் நாற்காலி.

காலி.

சிஸ்டரின் விரல்கள் காற்றில் ஒரு மணிக்கட்டைப் பிடித்திருந்தன. கண் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி எண்ணிக்கொண்டிருந்தார்.

“காலையிலேர்ந்து எத்தனை தடவை போச்சு?” என்று நாற்காலியைக் கேட்டார்.

கேட்டுவிட்டுத் தலையசைத்தார். பதில் வந்த மாதிரி.

நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்து இரண்டு நாளாகியிருந்தது.

“சிஸ்டர்!” மப்பாலோ அலறினாள். “என் புள்ள, சிஸ்டர்! என் புள்ளையப் பாருங்க!”

சிஸ்டர் திரும்பினார். எங்களைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். கனவிலிருந்து எழுந்த முகம் இல்லை அது. நன்றாக விழித்திருந்தார். களைத்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

பிறகு நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். மெதுவாக. மரியாதையாக.

“மாயோ, கொஞ்சம் எழுந்திருங்க. பச்சப் புள்ள.”

க்ர்ர்ர்க்...

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

ஒரு முழம் இருக்கும். கால் தரையில் உரசிக்கொண்டு. யாரும் தொடவில்லை. நான் பார்த்தேன். மப்பாலோ பார்த்தாள்.

அவள் அதில் போய் உட்கார்ந்தாள்! பிள்ளைக்கு முன்னால் தாய்க்கு என்ன பயம்? சிஸ்டர் ஊசி போட்டார், ஈரத் துணியால் துடைத்தார், மலேரியாவுக்கு மருந்து ஏற்றினார். இழுப்பு நின்றது. சற்று நேரத்தில் குழந்தை அழுதது. அந்த அழுகை மாதிரி இனிமையான சத்தத்தை என் தொழிலில் நான் கேட்டதில்லை.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் தோளுக்குப் பக்கத்தில் குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பாஷி லுபுத்தோ, ஒயரை மாட்டுங்க” என்றார் சிஸ்டர். குரல் மறுபடி காற்றாகியிருந்தது. “எனக்குத் தொண்டை இல்ல. மெஷினே கூப்பிடட்டும்.”

“சிஸ்டர்... வெளியில... அவங்க...”

“தெரியும். வந்தவங்களத் திருப்பி அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல. பார்த்துட்டே போயிடறேன். ஒண்ணு நம்ம ஆளு. ஒண்ணு அவங்க. சண்டை வராது.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். அவர் சொன்ன விதம், மாலையில் இன்னும் ஒரு கூடைத் துணி துவைக்க இருக்கிறது என்று ஒரு பெண் சொல்வது மாதிரி இருந்தது. போய் ஒயரை மாட்டினேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். மீதிப் பேருக்குப் போக முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லை. உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தைந்து. அறுபத்தைந்து. நாற்பத்தாறு. அறுபத்தாறு... கதவு திறக்கும், மூடும். நாங்கள் நகர்வோம். எனக்குப் பக்கத்துப் பலகை சில சமயம் லேசாக அமுங்கும். பிறகு எழும்பும்.

பயம்கூட ஓர் அளவுக்கு மேல் களைத்துப்போய்விடுகிறது. அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறு மணிக்குச் சூரியன் சுரங்கக் கசடு மலைக்குப் பின்னால் இறங்கியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சிலேஷேயும் நானும்தான்.

“நம்பர் எண்பத்தி மூணு, உள்ள வாங்க.”

கதவு மூடியது. இந்த முறை நீண்ட நேரம் திறக்கவில்லை. உள்ளே சிஸ்டர் தணிந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

“முடிஞ்சுது. பூட்டுங்க, சிலேஷே.”

“எல்லாரும் பழைய ஆளுங்கதானே, சிஸ்டர்?” என்றார் சிலேஷே. “அன்னைக்குக் கேட்டுக்கு வெளியில நின்னவங்க?”

“எனக்கு ஒருத்தரையும் தெரியல” என்றார். “எல்லாருக்கும் ஒரே நோவு. அது மட்டும்தான் தெரியுது.”

பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். வழி முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மெஷின் ஒழுங்காக வேலை செய்தது. ஒன்று முதல் அறுபது வரை. மூச்சில்லை, இருமல் இல்லை. மப்பாலோவின் குழந்தை பிழைத்துக்கொண்டது. கடைக்குத் தூக்கிவந்து காட்டினாள். நாற்காலியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பரில் ஒருவழியாக மழை வந்தது. வந்த மழை நிற்காமல் பெய்தது. ஜனவரியில் லுவெலா காலனியில் காலரா.

மார்ச் மாதம் சிஸ்டர் என் கடைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். ரிப்பேருக்கு எதுவும் கொண்டுவரவில்லை. முன்கோயோ பானம் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“முதல் நாள் ஒரு ஆள் வந்தாரு” என்றார். “தக்காளி விக்கறவரு. மறுபடியும் வந்துட்டீங்களான்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். நான் இந்தப் பக்கம் வந்ததே கிறிஸ்துமஸுக்குத்தான் சிஸ்டர், ஆகஸ்ட்டுல சோல்வேசியில இருந்தேன்னாரு.”

கையிலிருந்த சால்டரிங் கம்பியை மேசையில் வைத்தேன்.

“நாலாவதா அந்த அம்மா வந்தாங்க. நான் எழுந்திருக்கச் சொன்னேனே, அவங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா... அதே வரிசையில. பிழைச்சவங்க எத்தனையோ பேரு. அவங்க முகம் எனக்குப் புதுசு. அன்னைக்கு நான் பார்த்த முகம் வந்தா மட்டும்...”

கோப்பையைக் கையில் திருப்பினார்.

“தெரிஞ்சேதான் சலைன் போட்டேன், பாஷி லுபுத்தோ. தெரிஞ்சும் ராவெல்லாம் பக்கத்துல உட்கார்ந்தேன். ஒருத்தரும் பிழைக்கல.”

“எல்லாருமா?”

“எண்பத்தி ரெண்டு வரைக்கும்.”

கடைக்கு வெளியே யாரோ வண்டிக்காரன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனான். அது கடந்து போன பிறகுதான் கேட்டேன்.

“கடைசி ஆள் யாரு, சிஸ்டர்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என் மேசையில் கிடந்த ஒயர்களைப் பார்த்தார். சால்டரிங் கம்பியைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

காலரா இப்போது ஓய்ந்துவிட்டது. அடுத்த மழை வரும் வரை இருக்காது என்கிறார்கள். கிளினிக்கில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பழுதும் வரவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிஸ்டர் ஃபெலிஸ்டஸ் எனக்குப் போன் செய்கிறார். மெஷினைப் பற்றிக் கேட்பதில்லை. வேறு பேச்சும் கிடையாது. ஒரே கேள்வி. பதில் சொன்னதும் வைத்துவிடுவார்.

“தண்ணியக் கொதிக்க வெச்சுத்தானே குடிக்கறீங்க, பாஷி லுபுத்தோ?”